பெருங்குடலின் தொழிலும் பேதி மருந்தின் அளவும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் கண் மங்கினாலும் முழங்கால் வலித்தாலும் நாலு பேரிடம் சொல்லி யோசனை கேட்பது வழக்கம். மலம் சரிவர இறங்கவில்லை என்பதை மட்டும் சொல்வதற்கு யாவரும் கூசுகின்றனர். கூச்சத்தினால் வைத்தியரிடம் செல்லாமல், நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் பேதிக்கு வாங்கி இரவில் விழுங்கிவிட்டு, மறுநாள் தளர்ந்து கிடப்பவர் பலர். மாதம் ஒரு முறையேனும் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டினால்தான் வயிறு சுத்தமாகும் என்று எண்ணுவோரும் உளர். பெருங்குடல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால், இவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம், எது உயிருக்கே ஆபத்து என்பது தெளிவாகும். சங்க அங்கத்தினர்கள் தங்கள் குடும்பத்தாருக்கும் எடுத்துச் சொல்லத்தக்க வகையில் அவ்விஷயம் இப்பாடத்தில் விளக்கப்படுகிறது.

1. குடலின் அமைப்பு

வாயில் மென்று விழுங்கிய ஆகாரம் முதலில் இரைப்பையை அடைந்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் அங்கே தங்கிக் கூழாகிறது. பின்பு சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக இறங்குகிறது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. மாவுச் சத்து, கொழுப்பு, புரதம் ஆகியவை கரைந்து இரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் இங்கேதான். சிறுகுடலினால் ஜீரணிக்க இயலாத நார், மிகுந்த தண்ணீர், உப்புக்கள் ஆகியவை பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன.

பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டரே. பருமனில் பெரிதாகையால் அதற்கு இப்பெயர். வலது அடிவயிற்றில் ஒரு பையைப்போலத் தொடங்கி, விலாவின் கீழ்வரை மேலேறி, வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் சென்று, அங்கிருந்து கீழிறங்கி, வளைந்து, மலக்குடலில் முடிகிறது. தொடக்கப் பையின் அடியில் விரல்போல் தொங்கும் சிறு உறுப்புக்குக் குடல்வால் என்று பெயர். இதனைப் பற்றிப் பின்னர்க் கூற வேண்டியிருப்பதால், அது இருக்கும் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

2. கடைசிக் கண்மாயும் பெருங்குடலும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழைநீர் மேலைக் கண்மாய்களை நிரப்பி, மறுகால் வழியாக அடுத்த கண்மாய்க்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் செல்வதை இப்பகுதிக் குடியானவர்கள் அறிவார்கள். கடைசிக் கண்மாயை உடையவர்கள் வந்த நீரில் ஒரு துளியையும் வீணாக்க மாட்டார்கள். சரீரத்திலே அக்கடைசிக் கண்மாயின் ஸ்தானத்தில் இருப்பது பெருங்குடலாகும்.

கணக்கைக் கவனிக்க. ஒரு மனிதன் உண்பதிலும் குடிப்பதிலும் நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே செல்கிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்த நீர் முதலான ஜீரண நீர்களாகச் சரீரமே மேலும் சுமார் 7 லிட்டர் சுரக்கிறது. ஆக 9 லிட்டர். இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிவிடும். எஞ்சிய சுமார் ஒன்றரை லிட்டர் பெருங்குடலை அடைகிறது. பெருங்குடல் அதனையும் உறிஞ்சி, 100 முதல் 200 மில்லி லிட்டர் வரை மாத்திரம் மலத்துடன் வெளியே விடுகிறது. தேவைப்பட்டால் நாளொன்றுக்கு 4 அல்லது 5 லிட்டர்வரை உறிஞ்சும் திறமையும் அதற்கு உண்டு.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். மலம் பெருங்குடலில் அதிக நேரம் தங்கினால், நீர் மேலும் மேலும் உறிஞ்சப்பட்டு, மலம் காய்ந்து கட்டியாகும். இதுவே மலச்சிக்கல். மாறாக, கிருமியாலோ மருந்தாலோ இவ்வுறிஞ்சும் வேலை கெட்டால், அல்லது சிறுகுடலிலிருந்து அளவுக்கு மீறிய நீர் வந்தால், நீர் அப்படியே வெளியேறும். இதுவே வயிற்றுப்போக்கு. இரண்டும் வெவ்வேறு வியாதிகளாகத் தோன்றினாலும், நீர்க் கணக்கு ஒன்றே.

3. குடலில் வாழும் நுண்ணுயிர்கள்

பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடானு கோடியாக வாழ்கின்றன. ஒரு மனிதனிடத்தில் இவை சுமார் 38 லட்சம் கோடி இருக்கலாம் என்று 2016-ல் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. எருக்குழியில் இலைதழைகளை நுண்ணுயிர்கள் மட்கச் செய்வதுபோல, இவை நாரையும் ஜீரணமாகாத மாவையும் புளிக்கச் செய்கின்றன. அதனால் வாயு உண்டாகிறது. சில மெல்லிய அமிலங்களும் உண்டாகின்றன. வாயுவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வமிலங்களோ மிகவும் பிரயோஜனமுள்ளவை. பெருங்குடலின் உட்சுவர்க்கு அவற்றுள் ஒன்றே முக்கிய ஆகாரம். அன்றியும், அவை உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் உடன் உறிஞ்சப்படுகின்றன.

மலம் என்பது தின்ற ஆகாரத்தின் சக்கை மாத்திரம் அன்று. அதில் முக்கால் பங்கு தண்ணீர். எஞ்சிய திடப்பொருளில் கணிசமான பகுதி இந்நுண்ணுயிர்களே. ஆகையால்தான் பட்டினி கிடப்பவருக்கும் சிறிதளவு மலம் உண்டாகிறது.

4. மலம் இறங்கும் விதம்

குடலின் சுவரிலே தசைகளும், அவற்றை இயக்கும் நரம்புப் பின்னலும் உள்ளன. ஆகாரம் இருக்கும் இடத்திற்குப் பின்னால் குடல் சுருங்குவதும், முன்னால் தளர்ந்து வழிவிடுவதும் அப்பின்னலின் செயல் என்பதை 1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு சாஸ்திரிகள் விளக்கினர்.

பெருங்குடலில் இவ்வசைவு மிகவும் மெதுவானது. நாளின் பெரும்பகுதி அது மலத்தை அங்கேயே பிசைந்து புரட்டி நீரை எடுத்துக்கொண்டிருக்கும். நாளில் சில முறைகளே பெரிய அசைவு ஒன்று எழுந்து, உள்ளிருப்பதை வெகுதூரம் முன்தள்ளும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் வடம் பிடித்தபோது ஒரு வீச்சில் நகர்ந்து, பின் நிற்பதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். இப்பெரிய அசைவு பெரும்பாலும் காலையில் விழித்தெழுந்த பின்னும், ஆகாரம் இரைப்பையில் விழுந்த பின்னும் எழுகிறது. உறக்கத்தில் பெருங்குடலும் ஏறக்குறைய உறங்குகிறது. காலை நீராகாரம் அருந்திய சிறிது நேரத்தில் வெளியே செல்லத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

மலம் மலக்குடலை அடைந்து அதன் சுவரை விரித்ததும் உணர்ச்சி உண்டாகிறது. மலவாயில் கண்மாய் மடைபோல இரண்டு வளையத் தசைகள் உள. உள்மடை தானே திறந்துகொள்ளும். அது மனிதன் வசத்தில் இல்லை. வெளிமடை நீர்பாய்ச்சியின் கையிலுள்ள மடைபோல அவரவர் இஷ்டத்துக்கு உட்பட்டது. வெளிமடையை இறுக்கிச் சிறிது நேரம் பொறுத்தால் உணர்ச்சி அடங்கிவிடும். அடங்கியதனால் வேலை முடிந்துவிட்டதென்பது பொருளன்று. மலம் அங்கேயே தங்கிக் காய்கிறது. இதனையே வழக்கமாக்கினால், மலக்குடல் விரிந்து பழகி, உணர்ச்சியே மந்தமாகிவிடும்.

மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார்போல் முன்னோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால், நிற்கும்போதும் நாற்காலியில் இருக்கும்போதும் பாதை வளைந்திருக்கும். குந்தி உட்காரும்போது அவ்வளைவு நிமிர்ந்து, முக்காமல் மலம் இறங்குகிறது. நம்மவர் பழைய பழக்கம் இவ்விஷயத்தில் உடற்கூற்றுக்கு ஒத்ததே. முழங்கால் நோவினால் நாற்காலிக் கக்கூஸ் வைத்துக்கொண்டவர்கள் காலடியில் ஒரு சிறு பலகை வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் அதே நன்மையைப் பெறலாம்.

5. மலச்சிக்கல் என்பது யாது

நாள் தவறாமல் ஒரு முறை போகாவிட்டால் வியாதி என்று எண்ணுவது தவறு. நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை, எளிதாகவும் வேதனையின்றியும் இறங்குமானால், அவரவர்க்கு அது இயல்பேயாகும். அதனினும் குறைந்தாலோ, கட்டியாகி முக்க வேண்டியிருந்தாலோ, முழுதும் இறங்கவில்லை என்ற எண்ணம் நீங்காவிட்டாலோ மலச்சிக்கல் எனலாம்.

தங்கிய மலம் விஷமாகி இரத்தத்தில் கலந்து சகல வியாதிகளையும் உண்டாக்கும் என்னும் நம்பிக்கை நம் தேசத்தில் மாத்திரம் இருந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்னும் பெயர்பெற்ற அறுவை வைத்தியர், அவ்விஷத்துக்கு அஞ்சி நோயாளிகள் பலருக்குப் பெருங்குடலையே வெட்டி நீக்கினார். பின்வந்த ஆராய்ச்சியில், தலைவலியும் மந்தமும் மலக்குடல் விரிவதனால் உண்டாகும் உணர்ச்சிகளே என்றும், மலம் இறங்கியவுடன் அவை நீங்குவதே அதற்குச் சான்று என்றும் தெளிவாயிற்று. விஷமாயின் அவ்வளவு விரைவில் நீங்காது. ஆகையால் வயிற்றைக் கழுவும் பொருட்டு மாதந்தோறும் பேதிக்குச் சாப்பிடுவதற்கு ஆதாரம் இல்லை.

இப்பகுதியில் மலச்சிக்கலுக்குரிய காரணங்கள் பெரும்பாலும் நான்காகும்.

முதலாவது, நாரற்ற ஆகாரம். கம்பும் சோளமும் குறைந்து, தீட்டிய வெள்ளரிசியே மூன்று வேளையும் ஆயிற்று.

இரண்டாவது, தண்ணீர்க் குறைவு. கரிசல் வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையில் நீர் போய்விடுகிறது. போனதை ஈடுசெய்யப் பெருங்குடல் மலத்திலிருந்து மேலும் நீரை எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, உணர்ச்சியை அடக்குதல். நூற்பாலைகளில் முறை மாறி வேலை செய்வோர் உறங்கும் வேளையும் உண்ணும் வேளையும் வாரந்தோறும் மாறுவதால், பெருங்குடலின் காலை ஒழுங்கு குலைகிறது. கக்கூஸ் இல்லாத வீடுகளில் பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க நேருமே என்று பகலில் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டனர். 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தினால் வீடுதோறும் கக்கூஸ் கட்டப்பட்டும், தண்ணீர் வசதியின்றிப் பூட்டிக் கிடக்குமானால் அத்துன்பம் நீங்கியதாகாது. குழந்தைகளோ, ஒரு முறை கட்டியாகி வலித்தால், அடுத்த முறை அஞ்சி அடக்குகின்றன. அடக்க அடக்க மேலும் கட்டியாகிறது. அடித்து அதட்டுவதனால் இது தீராது.

நான்காவது, பேதி மருந்தையே நம்பியிருத்தல். இதனைத் தனியே விளக்குவது அவசியம்.

6. நிலாவரையின் செயல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவரை உலகப் பிரசித்தி பெற்றது. மருந்து வியாபாரத்தில் திருநெல்வேலிச் சென்னா என்றே அதற்குப் பெயர். அதன் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகி, அங்கே மாத்திரைகளாகச் செய்யப்படுகின்றன. ஆகவே, தம் நிலத்துப் பயிர் சரீரத்துள் என்ன செய்கிறது என்பதை இப்பகுதியார் அறிந்திருப்பது பொருத்தமாகும்.

நிலாவரையில் உள்ள மருந்துப் பொருள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை, உறிஞ்சப்படுவதும் இல்லை. பெருங்குடலை அடைந்தபின், அங்குள்ள நுண்ணுயிர்களே அதனை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அம்மாறிய பொருள்தான் குடலைத் தூண்டிப் பெரிய அசைவை எழுப்புகிறது. நீரை உறிஞ்சும் வேலையையும் தடுக்கிறது. இவ்வளவும் நடக்க 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் உண்டது விடியற்காலையில் வேலை செய்வது இதனாலேயே. விளக்கெண்ணெய் இவ்வாறன்றிச் சிறுகுடலிலேயே வேலை தொடங்குவதால் சில மணி நேரத்தில் பேதியாகிறது. இசப்கோல் உமி இவ்விரண்டுக்கும் வேறானது. அது நரம்பைத் தூண்டாமல், நீரைப் பிடித்து ஊதி, மலத்தை மிருதுவாகவும் பருமனாகவும் செய்கிறது. போதிய தண்ணீருடன் அருந்தாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

எப்போதோ ஒரு முறை, பெரியவர்களுக்கு, சில நாட்களுக்கு மட்டும் நிலாவரை நல்ல மருந்தே. வைத்தியர் சொல்லாமல் வாரக்கணக்கில் தொடர்ந்து உண்பதே தீங்கு. அளவு மீறினால் வயிற்றை முறுக்குகிறது. நீருடன் பொட்டாசியம் முதலிய உப்புக்களும் போய்த் தசைகள் தளர்கின்றன. இருதயத் துடிப்பும் கெடக்கூடும். முழுதும் கழிந்த பெருங்குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அந்நாட்களில் மலம் இறங்காதது இயல்பு. அதனை மலச்சிக்கல் என்று எண்ணி மீண்டும் மருந்து உண்பவர் மருந்தின்றி இருக்க முடியாத நிலையைத் தாமே தேடிக்கொள்கிறார்.

7. பேதி மருந்து கொடுக்கலாகாத வேளைகள்

இப்பாடத்தில் வேறெதனை மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது.

ஒரு பையனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிறது, சாப்பாடு செல்லவில்லை, வாந்தியும் லேசான காய்ச்சலும் உண்டு. வீட்டார் இதனைச் சூட்டு வலி என்றோ, மலம் கட்டிய வலி என்றோ எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகின்றனர். அது குடல்வால் வீக்கமாயின், மருந்தினால் குடல் வேகமாக அசைந்து, வீங்கிய குடல்வால் உடைந்து, சீழ் வயிறெங்கும் பரவக்கூடும். உரிய காலத்தில் அறுவை வைத்தியம் செய்தால் எளிதில் பிழைக்கும் உயிர், ஒரு கரண்டி எண்ணெயால் ஆபத்துக்குள்ளாகிறது.

அவ்வாறே, வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் வாயுவும் முற்றும் அடைபட்டிருந்தால், குடல் எங்கேனும் முறுக்கிக்கொண்டோ அடைபட்டோ இருக்கலாம். அடைபட்ட வாய்க்காலில் மேலும் நீரைத் திறந்துவிட்டால் கரை உடையும். ஆகவே, கடுமையான வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பல் ஆகியவற்றுள் எது இருந்தாலும் பேதி மருந்து கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வைத்தியர் யோசனையின்றிப் பேதி மருந்து கொடுத்தல் கூடாது.

வலியில்லாவிட்டாலும் அலட்சியம் செய்யத் தகாத குறிகள் சில உள. மலத்தில் இரத்தம் காணுதல், தார்போல் கருத்த மலம், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்குப் பழக்கம் திடீரென்று மாறிப் பல வாரங்கள் நீடித்தல், காரணமின்றி இளைத்தல், சோகை. இரத்தத்தை எல்லாம் மூலம் என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆயினும் பெருங்குடலில் புற்றுநோயும் இக்குறிகளோடு தொடங்கும். ஆரம்பத்தில் கண்டால் அது குணமாகத்தக்கது.

8. வயிற்றுப்போக்கில் நீரே மருந்து

மலச்சிக்கலினும் கொடியது வயிற்றுப்போக்கு. குழந்தைகளை அது கொல்வது நீரையும் உப்பையும் வடித்துவிடுவதனால். போக்கு நிற்கட்டும் என்று தண்ணீரை நிறுத்துவது, காயும் பயிருக்கு மடையை அடைப்பது போலாகும்.

சர்க்கரையும் உப்பும் தக்க அளவில் கலந்த நீரைச் சிறுகுடல் வியாதிக் காலத்திலும் உறிஞ்சும். 1971-ல் வங்க யுத்தத்தின்போது, எல்லையிலிருந்த பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு சர்க்கரை நீரைப் பானைகளிலும் பீப்பாய்களிலும் கலந்து உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் குறைந்தது.

பெருங்குடலையும் இவ்வேலையில் துணையாக்கிக்கொள்ள முடியும் என்பதைக் காட்டியவர்கள் நம் நாட்டினரே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் கூட்டாளிகளும் காலரா கண்ட 48 பேருக்கு மூவகைக் கரைசல்களைக் கொடுத்துச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டனர். சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மக்காச்சோள மாவு கலந்த கரைசலை அருந்தியவர்களுக்குப் போக்கு குறைந்ததுடன் விரைவில் நின்றது. அம்மாவு பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களால் அமிலமாகி, உப்பையும் நீரையும் உறிஞ்சச் செய்ததே காரணம். மூன்றாம் பகுதியில் சொன்ன விஷயம் இங்கே உயிர்காக்கும் உபாயமாயிற்று. சோற்றை ஆறவைக்கும்போது அதன் மாவில் ஒரு பங்கு இவ்வகையாக மாறுகிறது. ஆகவே, சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு சுகமாயிருப்பவரின் பெருங்குடலுக்கு ஏற்ற ஆகாரமே.

வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கோ உப்பு சர்க்கரைப் பொட்டலமே கொடுக்கத்தக்கது. பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தல் வேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேர்த்துக் கலக்கலாம். உப்பு கூடினால் தீங்கு. ஆகையால் அளவு தவறலாகாது. தாய்ப்பாலும் வழக்கமான ஆகாரமும் நிறுத்தலாகாது. கண் குழிந்து, நாக்கு உலர்ந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

9. ஆகாரத்தைத் திருத்தும் வகை

குடலுக்கும் ஆகாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நன்கு ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நீலகிரியிலுள்ள குன்னூர். அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-ல் மக்காரிசன் என்பவர் ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கினார். சத்துக் குறைந்த ஆகாரம் கொடுக்கப்பட்ட குரங்குகளுக்குக் குடல் சீர்கெட்டதை அவர் கண்டு, 1921-ல் நூலாக வெளியிட்டார். அவ்வாராய்ச்சி நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தானியத்திலுள்ள நாரின் அளவு ஏறக்குறைய வருமாறு:

கம்பு: 11 கிராமுக்கு மேல்.
கேழ்வரகு: 11 கிராம்.
சோளம்: 10 கிராம்.
சாமை: 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு.
வரகு: 6 கிராமுக்கு மேல்.
தீட்டிய வெள்ளரிசி: 3 கிராமுக்குக் குறைவு.
முழுப் பாசிப்பயறு: 17 கிராம்.

வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் நார் வேண்டும். நாளில் 400 கிராம் வெள்ளரிசியை மாத்திரம் உண்பவருக்குத் தானியத்திலிருந்து கிடைப்பது 11 கிராம். அதில் பாதியை நீக்கிக் கம்பைச் சேர்த்தால் 28 கிராமுக்கு மேலாகும். கீரை, அவரை, கொத்தவரை, முருங்கை, கொய்யா முதலியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் தேவை நிறைந்துவிடும். இதற்குப் பெருஞ் செலவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இவ்வூரின் பெருமைக்குரிய பண்டம். பால் விற்கும் குடும்பங்களுக்கு வருமானமும் தருவது. ஆனால் பாலிலும் சர்க்கரையிலும் நார் சிறிதும் இல்லை. விருந்துக்கு அது தகும். காலை ஆகாரத்தின் ஸ்தானத்தை அது கொள்ளலாகாது.

நாரை ஒரே நாளில் மிகுதியாகக் கூட்டினால் வாயு மிகுந்து வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, அதனுடன் தண்ணீரையும் கூட்டுதல் முறை. காலையில் ஆகாரம் அருந்திய பின் பத்து நிமிஷம் அவசரமின்றி ஒதுக்குதலும், உணர்ச்சி தோன்றியபோது அடக்காதிருத்தலும், நாள்தோறும் நடத்தலும் மருந்தினும் சிறந்தவை.

10. சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி மனிதரால் ஆகாதது சங்கத்தால் ஆகும் என்பது அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிந்ததே. கூட்டுறவுப் பண்டசாலைகளில் அரிசியுடன் கம்பு, சோளம், கேழ்வரகு, பயறு வகைகளையும் உள்ளூர் மகசூலிலிருந்தே வாங்கி விற்கலாம். உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெற்று, இரவிலும் கிடைக்குமாறு ஒரு பொறுப்பாளரிடம் வைக்கலாம். கட்டியும் பயன்படாத கக்கூஸ்களை எண்ணி, தண்ணீர் வசதிக்குப் பஞ்சாயத்தைக் கேட்கலாம். பெண் அங்கத்தினர்களுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் கிராம சுகாதார நர்ஸைக் கொண்டு இப்பாடத்தைத் தனியே சொல்லச் செய்தல் மிகவும் அவசியம். கூச்சம் அதிகமுள்ள இடத்திலேயே துன்பமும் அதிகமாகையால், அங்கேதான் முதலில் பேச வேண்டும்.

கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் பெருங்குடலை அடைகிறது? அதில் எவ்வளவு மலத்துடன் வெளியேறுகிறது?
2. உணர்ச்சியை அடக்கினால் மலம் கட்டியாவது ஏன்?
3. நிலாவரை இரவில் உண்டால் காலையில் வேலை செய்வதன் காரணம் யாது?
4. எவ்வெக் குறிகள் இருந்தால் பேதி மருந்து கொடுக்கலாகாது?
5. உப்பு சர்க்கரை நீர் தயாரிக்கும் அளவு யாது?
6. இக்கிராமத்தில் ஒரு குடும்பம் நாளொன்றுக்கு உண்ணும் தானியங்களைக் குறித்து, ஒருவருக்குக் கிடைக்கும் நாரின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுக.